மரங்களுக்கு நடுவே பைனாகுலர்: மூன்று வில்வேட்டைக்காரர்களின் அனுபவங்கள்

வில்லோடு போகிறவனுக்கு எதற்குப் பைனாகுலர் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அம்பு விடுவதே இருபது, முப்பது மீட்டருக்குள்தான். அந்தத் தூரம் வெறுங்கண்ணுக்குத் தெரியாதா என்கிறார்கள். தெரியும். ஆனால் தெரிவது மரம், மான் இல்லை.

ஒரு சாயங்காலம் பரணில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ப்புதருக்குப் பின்னால் படுக்கைவாட்டில் ஒரு கோடு. காட்டில் அநேகமாக எல்லாமே நிமிர்ந்து நிற்கும். படுக்கையாக ஏதாவது இருந்தால் ஒன்று விழுந்த மரம், இல்லையென்றால் மானின் முதுகு. 8×42 பைனாகுலரை (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ.) மெதுவாகத் தூக்கி, முன்னாலிருந்த இலைகளைத் தாண்டி ஃபோகஸை நகர்த்தினேன். இலைகள் கலங்கிப் பனிமூட்டம் மாதிரி ஆகிவிட்டன. அதற்குள் ஒரு காது திரும்பியது. வளையத்தை இன்னும் ஒரு நூலளவு திருப்பியதும், அதன் பின்னங்காலை ஒட்டி இன்னொரு சின்னக் காது. குட்டியோடு வந்த பெண்மான். வில்லை நான் தொடவே இல்லை.

கடையில் பட்டப்பகலில் பார்த்தால் 10×42தான் ஆளை மயக்கும். அதைக் கை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். சின்னதாக ஒரு ஒளிவட்டம் தெரியும். முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் அந்த வட்டத்தின் அளவு வந்துவிடும். 10×42-இல் அது 4.2 மி.மீ., 8×42-இல் 5.25 மி.மீ. மத்தியானத்தில் கண்பாவையே சுருங்கிக் கிடப்பதால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். விடியற்கருக்கலிலும் அந்தி மசங்கும்போதும் பாவை விரிகிறது; மான் நடமாடுவதும் அப்போதுதான். வித்தியாசம் அங்கேதான் தெரியும்: வட்டம் பெரிதாக இருந்தால் காட்சியும் வெளிச்சமாக இருக்கும். தவிர, முப்பது மீட்டரில் 8× ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலத்தைக் காட்டும். 10×-இல் அது மூன்றேகால் மீட்டருக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அடர்ந்த மரங்களுக்கு இடையில் ஒரு காதைத் தேடுகிறவனுக்கு அந்த முக்கால் மீட்டர் பெரிய விஷயம்.

* * *

மேலே எழுதியவர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் வில்காரனுக்கு முதல் கேள்வி எத்தனை மடங்கு என்பது இல்லை. பைனாகுலரை உடம்பில் எங்கே வைப்பது என்பதுதான். துப்பாக்கிக்காரர் கழுத்தில் தொங்கவிட்டுப் போகலாம். நமக்கு நாண் நெஞ்சை ஒட்டித்தான் வரும்.

நான் நெஞ்சோடு அணைக்கும் வார்ப்பட்டைப் பை வாங்கியதும், குளிருக்குப் போடும் தடித்த சட்டையையும் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே வில்லை இழுத்துப் பார்த்தேன். நாண் பையின் மேல்மூலையில் உரசியது. பட்டையைத் தளர்த்தி இரண்டு விரற்கடை கீழே இறக்கியதும் ஒழுங்காகிவிட்டது. காட்டில் போய்த் தெரிந்துகொள்கிற விஷயமில்லை இது. மூடி வெல்க்ரோவாக இருந்தால் வேண்டவே வேண்டாம். அதைப் பிய்க்கிற சத்தத்துக்கு எந்த மானும் நிற்காது. காந்தமூடி சத்தமில்லாமல் திறக்கும். ஆனால் திசைகாட்டியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், முள் இழுத்துக்கொள்ளும்.

பைனாகுலர் எனக்கு உண்மையாக உதவியது மானைக் கண்டுபிடிக்க அல்ல. நல்ல கொம்புள்ள ஒரு ஆண்மான், இருபத்தைந்து மீட்டர் இருக்கும், பக்கவாட்டில் நின்றது. தலையை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோன நேரத்தில் பார்த்தேன். நெஞ்சுக்கு நேரே வழி சுத்தம். கொஞ்சம் மேலே, பாதி தூரத்தில், இலையில்லாத ஒரு சுள்ளி குறுக்கே கிடந்தது. வெறுங்கண்ணுக்கு அது பின்னாலிருந்த மரப்பட்டையோடு கலந்துவிட்டிருந்தது. அம்பு நேர்கோட்டில் போவதில்லை, வளைந்து ஏறித்தான் இறங்கும். அந்தச் சுள்ளி தட்டினாலே திசைமாறி மானைக் காயப்படுத்தி ஓடவிட்டிருக்கும். இரண்டடி முன்னால் வருமா என்று காத்திருந்தேன். அது வேறு பக்கம் போய்விட்டது. போகட்டும்.

* * *

என்னைப் போல மூக்குக்கண்ணாடி போட்டவர்களைப் பற்றி மேலே எழுதிய இருவரும் பேசவில்லையே! முன்கண்ணாடி அளவைவிட நமக்கு முக்கியம், கண்ணை எவ்வளவு தூரம்வரை தள்ளி வைத்து முழுக்காட்சியைப் பார்க்கலாம் என்கிற அளவு. 16 மி.மீ.க்குக் குறைந்தால் ஓரமெல்லாம் கறுப்பாகிவிடும். என்னுடைய பழைய பைனாகுலரில் அப்படித்தான் சாவித்துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைட்ரஜன் வாயு நிரப்பிய பைனாகுலர் என்றால் கண்ணாடி மங்கவே மங்காது என்று நினைக்கிறார்கள். அது உள்ளே ஈரம் படியாமல் காக்கும், அவ்வளவுதான். குளிர்காலையில் நம் மூச்சுப்பட்டு வெளிக்கண்ணாடி மங்குவதை அது தடுக்காது. நான் பார்க்கும்போது வாயை மூடி, மூச்சை மூக்கால் கீழ்நோக்கி விடுகிறேன்.

பரணில் உட்காராமல் நடந்தே தேடுகிறவன் நான் என்பதால் 8×32 வைத்திருக்கிறேன். ஒளிவட்டம் 4 மி.மீ.தான், கடைசிக் கால் மணி நேர வெளிச்சத்தில் 42-க்காரர் பார்ப்பது எனக்குத் தெரியாது. ஆனால் வில்லை இடக்கையில் வைத்துக்கொண்டு வலக்கையால் மட்டும் தூக்கி, ஆட்டமில்லாமல் பார்க்க முடிகிறது. தூரம் அளக்கும் கருவி உள்ளேயே இருக்கிற பைனாகுலரும் கையில் எடுத்துப் பார்த்தேன். எடை தாங்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பரணில் இருந்தால் சுற்றியுள்ள நாலைந்து மரங்களின் தூரத்தை உட்கார்ந்ததுமே அளந்து வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சின்னக் கருவி தனியாக இருந்தாலே போதும்.