முதல் பல்லியாக எதை வளர்க்கலாம்?

கேள்வி: அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில் மாடி வீடு, மே மாதம் அனலாகக் கொதிக்கும். மகளுக்குப் பல்லி வளர்க்க ஆசை, எனக்கு மீன் தொட்டி அனுபவம்தான். எது சரிவரும்?

பதில்: லெப்பர்டு கெக்கோ, தம்பி, சிறுத்தை மாதிரி புள்ளி போட்ட பல்லி வகை. வளர்ந்தாலும் ஒரு சாண்தான், கண்ணாடியில் ஏறாது. வாலை மெல்ல ஆட்டிவிட்டுத்தான் பூச்சி மேல் பாயும், அவ்வளவு அழகு! ஆனால் 15, 20 வருடம் வாழும், மகள் கல்லூரிக்குப் போனபிறகு நீங்கள்தான் பார்க்கணும்.

பதில்: தொட்டியில் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 25 வேண்டும், மாடி அறையே 38 ஆகிவிட்டால் பாவம் அது எங்கே ஒதுங்கும், கீழ் அறையில் வையுங்கள். அதற்குத் தீனியாகப் போடும் பூச்சியில் கால்சியம் பொடி தூவாவிட்டால் எலும்பு வளைந்துவிடும்.

பதில்: உடும்பு, பச்சோந்தியைப் பிடித்து வராதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கேட்டவர்: சரி அண்ணாச்சி, கீழ் அறைதான்.