தையல்நாயகி என்ற பெயர்: வேர் என்ன, ரீயூனியனில் எவ்வளவு அரிது, பிரெஞ்சில் எப்படி எழுதுவது?

கடலோரக்கொன்றை (சேன்-ஆந்த்ரே) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பங்குனியில் பிறக்கவிருக்கும் பெண் குழந்தைக்குத் தையல்நாயகி என்று பெயர் வைக்க முடிவாகியிருக்கிறது. பதிவு இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில்தான். அதற்கு முன் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

வைத்தீசுவரன் கோயில் அம்மனின் பெயர் இது. அந்த அம்மன் கையில் மருந்தெண்ணெய் இருப்பதால் "தைலநாயகி"தான் மூலப்பெயர் என்று சிலர் சொல்கிறார்கள். இது சரியா? பிரெஞ்சு அரசின் புள்ளிவிவர நிறுவனமான இன்செ வெளியிடும் பெயர்க் கோப்பில் ஒரு பெயர் தென்படவில்லை என்றால், அந்தப் பெயரில் இந்தத் தீவில் யாருமே இல்லை என்று கொள்ளலாமா? பிரெஞ்சு எழுத்தில் எப்படி எழுதினால் பள்ளியில் பெயரைக் கொலை செய்யாமல் கூப்பிடுவார்கள்?

காவிரிக்கரை எழுதியது:

வேர் தையல்தான் சகோதரி, தைலம் இல்லை.

பழந்தமிழில் தையல் என்றால் அழகு, பெண். ஆத்திசூடியில் "தையல் சொல் கேளேல்" என்று வரும் தையலும் இதுவே. (அந்த அறிவுரை எனக்கு ஏற்பில்லை. சொல்லுக்குச் சான்றாக மட்டும் காட்டுகிறேன்.) ஆகவே தையல்நாயகி என்றால் பெண்ணாகிய தலைவி, பெண்களின் தலைவி. ஊசியும் நூலும் இன்று முன்னால் வந்து நிற்பதால் பழைய பொருள் பலருக்கு மறந்துவிட்டது.

தைலம் வடசொல். திலம் என்றால் எள், எள்ளிலிருந்து வருவது தைலம். வைத்தீசுவரன் கோயிலில் சுவாமி 4,448 நோய்களையும் தீர்க்கும் வைத்தியநாதர், அம்மன் தைலப் பாத்திரம் ஏந்தி அவருக்குத் துணை நிற்பவள் என்பது தலக்கதை. நெஞ்சைத் தொடும் கதைதான், ஆனால் பெயருக்குப் பின்னால் வந்த விளக்கம். அந்த அம்மனின் வடமொழிப் பெயரைப் பாருங்கள்: பாலாம்பிகை. பாலா என்றால் இளம்பெண். பெயரில் எண்ணெயே இல்லை. காவிரிக் கோயில்களில் அம்மனுக்குத் தமிழில் ஒன்று, வடமொழியில் ஒன்று என்று ஒரே பொருளில் இரண்டு பெயர் இருப்பது வழக்கம். மயிலாடுதுறையில் அஞ்சல்நாயகி, அபயாம்பிகை. நாகப்பட்டினத்தில் கருந்தடங்கண்ணி, நீலாயதாட்சி. அந்த வரிசையில்தான் தையல்நாயகி, பாலாம்பிகை. பெண்ணுக்குப் பெண் என்று சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

ஊரின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சடாயு (புள்), இருக்கு வேதம், வேளாகிய முருகன், ஊர் என்று சொல்லப்படும் சூரியன் ஆகியோர் வழிபட்டதால் அந்தப் பெயர் என்பார்கள். வைத்தீசுவரன் கோயில் என்ற பெயர் இன்று அதை மூடிவிட்டது.

பெயர் ஏன் பரவவில்லை என்றால், அது ஒரு தலத்தோடு ஒட்டிய பெயர். மீனாட்சி, காமாட்சி போல நாடு முழுக்கப் போகவில்லை. மயிலாடுதுறை, நாகை, தஞ்சைப் பக்கத்திலும், அந்தக் கோயிலைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களிலும்தான் வைப்பார்கள். சித்திரையில் நடைபயணமாக அங்கே போகும் நகரத்தார் வீடுகளிலும் உண்டு. அழைக்கும்போது தையல், தையலம்மை, நாயகி என்று குறுகிவிடும். பழைய பத்திரங்களில் தேடுபவர்கள் இந்தக் குறுக்கங்களை மறக்கக் கூடாது.

இன்னொன்று. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ரீயூனியனுக்குக் கப்பல் ஏறிய துறைகளில் காரைக்காலும் ஒன்று. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் வைத்தீசுவரன் கோயிலிலிருந்து காரைக்கால் நாற்பது கிலோமீட்டருக்குள். உங்கள் தீவில் இந்தப் பெயரை வைப்பது வெளியூர்ப் பெயரை இரவல் வாங்குவது ஆகாது.

பழம்பதிவேடு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கோப்பில் இல்லை என்பதால் தீவில் இல்லை என்று ஆகாது. இதில் பலரும் ஏமாறுகிறார்கள்.

இன்செ எண்ணுவது பிறப்புப் பதிவில் உள்ள முதல் பெயரை மட்டும். ரீயூனியன் தமிழ்க் குடும்பங்களில் பதிவில் முதலில் பிரெஞ்சுப் பெயர், இரண்டாவதாகத் தமிழ்ப் பெயர் என்பது நெடுநாள் வழக்கம். அந்த இரண்டாவது பெயர் கணக்கில் ஏறவே ஏறாது. வீட்டுக்குள் மட்டும் வழங்கும் பெயர் பதிவிலேயே இருக்காது. மேலும், மிகச் சிலருக்கே வைக்கப்பட்ட பெயர்கள் தனித்தனியாகக் காட்டப்படாமல் "பிரெனோம் ரார்", அதாவது அரிய பெயர்கள், என்ற ஒரே வரியில் கூட்டப்படும். எழுத்துக்கூட்டு மாறினால் கோப்புக்கு அது வேறு பெயர். ஒரே பெயரை நான்கு குடும்பங்கள் நான்கு விதமாக எழுதினால் நான்கும் அந்த அரிய வரிக்குள் போய் மறையும். கோப்பு 1900-இல் தொடங்கினாலும் 1946-க்கு முந்தைய பிறப்புகள் முழுமையாக இல்லை என்பதை இன்செவே சொல்கிறது.

இதற்கெல்லாம் மேலே சட்டம். 1803-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களும் பழைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களும்தான் பதிவாகலாம். 1966-இல் ஓரளவு தளர்த்தினார்கள். 1993 சனவரி 8 சட்டம்தான் பெற்றோருக்கு முழு உரிமை கொடுத்தது. அதனால் 1993-க்கு முன் ஒரு தமிழ்ப் பெயர் கோப்பில் அரிதாகத் தெரிந்தால், மக்களுக்கு அதில் விருப்பமில்லை என்று படிப்பது பெரிய தவறு.

கோப்பைவிடப் பழைய பதிவேடுகள்தான் பேசும். பிரெஞ்சு எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். அந்தக் காதுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. "ஐ" என்று முடியும் பெயர் "ஏ" ஆகும். வள்ளியம்மை "வலியமே" ஆகி, பிறகு குடும்பப் பெயராகவே நின்றுவிட்டது. சேன்-ஆந்த்ரேயில் உள்ள மார்த்தேன்-வலியமே மாளிகையை அறியாதவர் இல்லை. அந்தப் பெயருக்குள் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. மதுரைவீரன் "மர்தேவிரேன்" ஆனதும் இதே காதுதான். தீமிதி அம்மனான பாஞ்சாலி "பாந்தியலே" ஆனபோது கடைசி "இ"கூட "ஏ" ஆகிவிட்டது. அப்படியானால் தையலம்மையைத் "தாயலமே", "தைலமே", "தெலமே" என்றெல்லாம் தேட வேண்டும். தையல்நாயகியை "நாயகே", "நெய்கி" என்ற முடிவுகளோடும் தேடுங்கள். முதலெழுத்து டி மட்டும், டி-எச் இரண்டும் என்று இரண்டு அடுக்கிலும் பார்க்க வேண்டும்.

தேடும் இடம்: எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக்காப்பகம் ரீயூனியனின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளுக்குச் சேன்-தெனியில் உள்ள மாவட்ட ஆவணக்காப்பகம். அங்கே பெயரைப் பிடித்துக்கொண்டு தொடராதீர்கள், எண்ணைப் பிடியுங்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் "மத்ரிக்யுல்" என்ற பதிவு எண் உண்டு. ஒரே பெண்ணின் பெயர் ஒப்பந்தத்தில் ஒரு விதமாகவும் குழந்தையின் பிறப்புப் பதிவில் வேறு விதமாகவும் இருக்கும். எண் அப்படி மாறாது. வயதை நம்ப வேண்டாம், பெரும்பாலும் பார்த்து மதிப்பிட்டு எழுதியதுதான்.

கடலோரக்கொன்றை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பாலாம்பிகை விளக்கம் ஒன்றே போதும், தைலத்தை விட்டுவிட்டோம். எழுத்துக்கூட்டு பற்றி யாராவது சொல்லுங்கள். கடைசி எழுத்துகளை ஜி-ஐ என்று எழுதத்தான் நினைத்திருந்தோம்.

ஒலிக்குறி எழுதியது:

ஜி-ஐ வேண்டாம் அம்மா. பிரெஞ்சில் ஐ, இ எழுத்துகளுக்கு முன் ஜி வந்தால் ஷ-வும் ஜ-வும் கலந்த ஒலிதான். பிள்ளை ஆயுசுக்கும் "நயஜி" ஆகிவிடுவாள். இடையில் யு சேர்த்து ஜி-யு-ஐ என்று எழுதினால் "கி" சரியாக வரும். கே-ஐ என்று எழுதுவதும் ஒரு வழி. இந்தியாவில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் பிரெஞ்சு வாயில் அது கல் போன்ற "க்கி" ஆகும். நாம் சொல்லும் மென்மையான கி வேண்டுமென்றால் ஜி-யு-ஐ.

அடுத்தது முதல் அசை. ஏ-ஐ என்று சேர்த்து எழுதினால் பிரெஞ்சில் "எ". "தெயல்" என்று படிப்பார்கள். ஐ எழுத்தின் மேல் ட்ரேமா என்ற இரட்டைப் புள்ளி வைத்தால் ஏ-யும் ஐ-யும் பிரிந்து ஒலிக்கும். ஆனால் புள்ளியைப் பல கணினிப் படிவங்கள் விழுங்கிவிடும். புள்ளி விழுந்தால் பெயர் மறுபடி "தெ". அதனால் ஒய்-யைப் பயன்படுத்துங்கள். மாயா, சொராயா போன்ற பெயர்கள் பழகிவிட்டதால் ஏ-ஒய்-ஏ என்பதைப் பெயருக்குள் "அய" என்றே படிப்பார்கள்.

டி-க்குப் பின் எச் தேவையா என்றால், பிரெஞ்சுக்குத் தேவையில்லை. அவர்களின் டி நம் "த"தான். ஆனால் எச் இல்லாமல் இந்தியாவில் படித்தால் "டயல்" ஆகும். எச் பிரெஞ்சில் ஊமை, வைத்தால் நட்டமில்லை. ஆக மொத்தம்:

டி-எச்-ஏ-ஒய்-ஏ-எல்-என்-ஏ-ஒய்-ஏ-ஜி-யு-ஐ.

பதின்மூன்று எழுத்து, ஒரு புள்ளிகூட இல்லை. "என்" என்ற எழுத்துக்குப் பின் உயிர் வருவதால் மூக்கொலியாகத் திரியும் ஆபத்தும் இல்லை. "நா" நெடில் என்று காட்ட மேலே கோடு போட ஆசை வரும். முடியாது. 2014 சூலை 23 சுற்றறிக்கை எந்தெந்தக் குறிகள் பதிவில் செல்லும் என்று பட்டியல் தருகிறது. ட்ரேமா உண்டு, நெடில் கோடு இல்லை. தமிழ் எழுத்திலும் பதிய முடியாது.

மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், கவனிக்க வேண்டியவை. பிறந்த ஊரின் மேரியில் 5 நாளுக்குள் பதிய வேண்டும். பிறந்த நாள் கணக்கில் சேராது. ஐந்தாம் நாள் விடுமுறையானால் அடுத்த வேலை நாள் வரை நேரம் உண்டு. பெயரைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். கையெழுத்துப் போடுமுன் திரையிலோ தாளிலோ எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இரண்டாகப் பிரித்து எழுதுவதானால் நடுவில் சிறுகோடு போடச் சொல்லுங்கள். காற்புள்ளி விழுந்தால் சட்டத்துக்கு அவை இரண்டு தனிப் பெயர்கள். "தையல்" மட்டும் முதல் பெயராகி, "நாயகி" பின்னால் போய்விடும்.

பதிவாளர் தானாக மறுக்க முடியாது. குழந்தையின் நலனுக்குக் கேடு என்று நினைத்தால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம், முடிவெடுப்பது குடும்ப நீதிபதி. இந்தப் பெயருக்கு அப்படி நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

மாவிலைத்தோரணம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் பதின்மூன்று எழுத்து ஒரு குழந்தைக்குப் பாரம். முதலில் சிறிய பிரெஞ்சுப் பெயர் ஒன்று, இரண்டாவதாகத் தையல்நாயகி என்று வைத்தால் இரண்டு பக்கமும் எளிது அல்லவா? காலங்காலமாக இங்கே அப்படித்தான்.

பழம்பதிவேடு:

தோழரே, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்த வழக்கம் விருப்பத்தால் மட்டும் வந்ததில்லை. மேலே சொன்ன 1803 சட்டமும் அதற்குக் காரணம். அந்தக் கட்டாயம் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாம் இடத்தில் வைத்தால் பெயர் மறுபடி கணக்குக்கு வெளியேதான் நிற்கும்.

இருந்தாலும் குடும்பத்தில் பிரெஞ்சுப் பெயரும் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. குடியியல் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, பிறப்புப் பதிவில் உள்ள எந்தப் பெயரையும் அன்றாடப் பெயராக வைத்துக்கொள்ளலாம், அது எத்தனையாவது இடத்தில் இருந்தாலும். எனவே தையல்நாயகியை முதலில் போட்டு, பிரெஞ்சுப் பெயரைக் காற்புள்ளிக்குப் பின் இரண்டாவதாகப் போடுங்கள். வளர்ந்தபின் எதைப் புழங்குவது என்று அவளே முடிவு செய்துகொள்வாள்.

பின்னாளில் மாற்ற நினைத்தால் 60-ஆம் பிரிவு உண்டு. 2016-இலிருந்து நீதிமன்றம் போகாமல் மேரியிலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் நியாயமான காரணம் காட்ட வேண்டும். பிள்ளைக்கு 13 வயது தாண்டியிருந்தால் அவள் சம்மதமும் வேண்டும். முதல் நாளே சரியாகப் பதிவது அதைவிடச் சுலபம்.

காவிரிக்கரை:

நீளம் பற்றி ஒரு வார்த்தை. காவிரிப் பக்கத்தில் இந்தப் பெயரை முழுதாகக் கூப்பிடுபவர் குறைவு. பதிவில் முழுப் பெயர், வாயில் "நாயகி". மூன்றே எழுத்து. பள்ளியில் முதல் நாள் ஆசிரியருக்கு அந்தக் குறுக்கத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடலோரக்கொன்றை:

முடிவாகிவிட்டது. ஒலிக்குறி ஐயா தந்த எழுத்துக்கூட்டு, சேர்த்து, முதல் பெயராக. தாளில் எழுதி மருத்துவமனைப் பையில் வைத்தாயிற்று.