ஐவிஎஃப் ரெண்டாவது முறை: இதுல எது தேவை, எது வியாபாரம்?

அக்கா தங்கச்சிகளே, வயசு 34, ஊர் ஈரோடு பக்கம், ஏஎம்எச் (முட்டை கையிருப்பைக் காட்டுற ரத்த டெஸ்ட்) 0.9, கம்மிதான். முதல் ஐவிஎஃப் போன மாசம் நிக்கல. ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவு டப்பாவுக்குப் பின்னாடி ஊசியை ஒளிச்சு வெச்சு, மாமியார் தூங்கினதும் வயித்துல போட்டுக்கிட்டேன்.

விளம்பரத்துல ஒன்றரை லட்சம். ஊசி தனி, கருவை உறைய வைக்கத் தனின்னு மூணைத் தாண்டிருச்சு. இப்ப பிஜிடி-ஏ (கருவோட குரோமோசோம் சரியான்னு பார்க்கிற டெஸ்ட்), எம்ப்ரியோ குளூ (கருவை உள்ள வைக்கும்போது சேர்க்கிற திரவம்), ஈஆர்ஏ (கர்ப்பப்பை கருவை ஏத்துக்கத் தயாரான்னு பார்க்கிற டெஸ்ட்)ன்னு புதுப் பட்டியல். எதுக்குன்னு கேட்டா, "இஎம்ஐ இருக்கு மேடம்"ங்கிறாங்க. நான் கேட்டது அதையா? பிரிட்டன்ல எச்எஃப்இஏன்னு ஒரு கண்காணிப்பு அமைப்பு, இந்த மாதிரி கூடுதல் அயிட்டங்களுக்கு ஆதாரம் இருக்கான்னு பார்த்து கலர் ரேட்டிங் தருது. இங்க 2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்பு சட்டப்படி கிளினிக் பதிவு கட்டாயம், அவ்வளவு தெரியும்.

பிஜிடி-ஏ செஞ்சவங்க இருக்கீங்களா? இதே ஏஎம்எச்ல எத்தனை முட்டை எடுத்தாங்க, டெஸ்டுக்கு எத்தனை கரு மிஞ்சுச்சு? எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு இதுக்காகப் போனவங்க, எவ்வளவு நாள் காத்திருந்தீங்க?

திருக்கருகாவூர் கோயில் நெய் சாப்பிட்டாச்சு. அதைத் தவிர வேற சொல்லுங்க. கிளினிக் பேர் கமெண்ட்ல வேண்டாம், இன்பாக்ஸ் வாங்க.