டெபியன் தானியங்கி நிறுவல்: கேட்டது எக்ஸ்எஃப்சிஇ, வந்தது க்னோம்

லேப்பொறுப்பு:
வணக்கம். 18 பழைய கணினிகள், எல்லாம் 4 ஜிபி ரேம். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து நெக்ஸ்ட் அழுத்த முடியாது என்று டெபியன் 12 லினக்ஸை பிரீசீட் ஃபைல் (இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய ஃபைல்) வைத்துப் போடப் பார்க்கிறேன். ஃபைல் டெபியன் 11 காலத்து சீனியர் ஒருவர் சர்வருக்காக எழுதியது. டெஸ்க்டாப் வரியை மட்டும் நான் சேர்த்தேன்.

நெட்வொர்க், பார்ட்டிஷன் எல்லாம் ஒரு கேள்விகூட இல்லாமல் ஓடுகிறது. மென்பொருள் போடும் கட்டத்தில் ரொம்ப நேரம் ஓடிவிட்டு, அந்தக் கட்டம் தோற்றுவிட்டது என்று சிவப்புத் திரை. அதைத் தாண்டி பூட்லோடரான கிரப்பைப் போட்டு ஏற்றினால் க்னோம் டெஸ்க்டாப் வந்து நிற்கிறது. நான் கேட்டது எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப். தனியாகப் பட்டியல் கொடுத்த ஜீனி (நிரல் எழுதும் எடிட்டர்), ஜாவா, ஜிகாம்ப்ரி (சிறுவர் கல்வி மென்பொருள்) எதுவும் இல்லை.

சேர்த்த வரி இது (போனில் தட்டுவதால் தமிழிலேயே எழுதுகிறேன்): டி-ஐ டாஸ்க்செல்/ஃபர்ஸ்ட் மல்டிசெலக்ட் ஸ்டாண்டர்ட், எக்ஸ்எஃப்சிஇ-டெஸ்க்டாப்.

எங்கே தப்பு?

கருந்திரை:
உங்களுக்கு இருப்பது ஒன்றல்ல, இரண்டு பிரச்சினை. முதலில் க்னோம்.

வரியின் முதல் சொல்லைப் பாருங்கள். அந்தக் கேள்வி எந்தப் பேக்கேஜுடையது என்று அதுதான் சொல்கிறது. இன்ஸ்டாலர் தானே கேட்கிற கேள்விகளுக்கு டி-ஐ (டெபியன்-இன்ஸ்டாலர்). டெஸ்க்டாப் போன்ற மென்பொருள் தொகுப்புகளைப் போடும் டாஸ்க்செல் ஓடுவதோ டிஸ்க்கில் புதிதாகப் போட்ட சிஸ்டத்துக்குள். டி-ஐ என்று தொடங்கும் பதில்கள் அங்கே போய்ச் சேராது. ஆகவே வரி 'டாஸ்க்செல் டாஸ்க்செல்/ஃபர்ஸ்ட்' என்று தொடங்க வேண்டும். ஒரே சொல் இரண்டு தடவை வருவதைப் பார்த்து டைப்பிங் பிழை என்று திருத்தியவர்கள் உண்டு, நானும் ஒருவன்.

பதில் போய்ச் சேராததால் டாஸ்க்செல் தன் டீஃபால்ட்டை எடுத்துக்கொண்டது. பிரையாரிட்டி கிரிட்டிகல் (மிக அவசியமான கேள்வியை மட்டும் கேள்) என்று பூட் வரியில் கொடுத்திருப்பீர்கள், அதனால் கேட்கவும் இல்லை. டெபியனின் டீஃபால்ட் டெஸ்க்டாப் க்னோம்.

சிவப்புத் திரைக்குக் காரணம் பார்க்க, நீங்கள் தனியாகக் கொடுத்த பேக்கேஜ் பட்டியல் இருக்கும் பிகேஜிசெல்/இன்க்ளூட் வரியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

லேப்பொறுப்பு:
டி-ஐ பிகேஜிசெல்/இன்க்ளூட் ஸ்ட்ரிங் ஜீனி பில்ட்-எசென்ஷியல் ஓப்பன்ஜேடிகே-11-ஜேடிகே ஜிகாம்ப்ரி-க்யூடி. இதற்கும் முதல் சொல் மாற வேண்டுமா சார்?

கருந்திரை:
வேண்டாம், அது இன்ஸ்டாலரின் கேள்விதான். சிக்கல் ஜாவாவில். டெபியன் 11-இல் இருந்த ஓப்பன்ஜேடிகே-11 என்ற ஜாவா பேக்கேஜ் டெபியன் 12-இல் கிடையாது, அதில் இருப்பது 17. பட்டியல் முழுவதும், பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவிக்கு ஒரே கட்டளையாகப் போகிறது. அதில் ஒரு பெயர் கிடைக்காவிட்டால் ஆப்ட் எதையும் போடாது. அதனால்தான் ஒழுங்காக இருந்த ஜீனியும் வரவில்லை. டீஃபால்ட்-ஜேடிகே என்று கொடுத்துவிட்டால் அடுத்த வெளியீட்டிலும் இதே தலைவலி வராது.

சிவப்புத் திரை வந்ததும் ஆல்ட்+எஃப்4 (கிராஃபிக் இன்ஸ்டாலர் என்றால் கன்ட்ரோலும் சேர்த்து) அழுத்தினால் லாக் ஓடும் திரை வரும். எந்தப் பெயரில் முட்டியது என்று அங்கே இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதே இல்லை.

பழைய கீபோர்டு:
ஸ்பேஸையும் பாருங்கள் லேப் சார். ஸ்ட்ரிங், மல்டிசெலக்ட் போன்ற சொல்லுக்கும் மதிப்புக்கும் நடுவே ஒரே ஒரு ஸ்பேஸ் அல்லது ஒரு டேப். அதற்கு மேல் விட்டால் மிச்சம் மதிப்போடு சேர்ந்துவிடும். நான் அழகாக இருக்கட்டுமே என்று வரிகளை நேர்கோட்டில் அடுக்கினேன். பாஸ்வேர்டுக்கு முன்னால் மூன்று ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டது. 12 மெஷினிலும் லாகின் ஆகவில்லை. காரணம் புரிய ஒரு மதியம் போயிற்று.

டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் கட்டளைக்கு -சி கொடுத்தால் ஃபைலின் வடிவத்தை மட்டும் சோதிக்கும். பேக்கேஜ் உண்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அதற்கு ஏற்கெனவே ஓடும் ஒரு டெபியன் 12-இல் ஆப்ட்-கெட் -எஸ் இன்ஸ்டால் என்று பட்டியலைக் கொடுங்கள். ஒன்றையும் போடாமல் ஒத்திகை பார்க்கும்.

லேப்பொறுப்பு:
இரண்டையும் திருத்தினேன், எக்ஸ்எஃப்சிஇ வந்துவிட்டது! ஜீனி, ஜாவா எல்லாம் இருக்கிறது. ஆனால் தமிழில் தட்ட எதுவும் இல்லை. லிப்ரேஆபிஸ் மெனுவும் ஆங்கிலம்தான். முன்பு கையால் போட்டபோது தமிழ் தானாக வந்ததே?

கருந்திரை:
அப்போது நிறுவல் மொழியாகத் தமிழைத் தேர்ந்திருப்பீர்கள். மொழிக்கான பேக்கேஜ்களை டாஸ்க்செல் லொகேலை (மொழி, நாடு அமைப்பை) பார்த்துச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். பிரீசீடில் இந்திய ஆங்கிலம் இருந்தால் தமிழ் வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? லொகேலை மாற்ற வேண்டாம் என்றால் இன்க்ளூட் பட்டியலில் ஐபஸ்-எம்17என் (தமிழில் தட்ட), லிப்ரேஆபிஸ்-எல்10என்-டிஏ (தமிழ் மெனுவுக்கு) இரண்டையும் சேருங்கள். தமிழ்99 விசைப்பலகை முதலாவதிலேயே கிடைக்கும். எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்.

பழைய கீபோர்டு:
பட்டியல் நீண்டுகொண்டே போகிறதே. என் கட்சி வேறு: நிறுவலில் டெஸ்க்டாப்பும், தொலைவிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்ஹெச் சர்வரும் போதும், மிச்சத்தை அன்சிபிள் (பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) வைத்துப் பிறகு தள்ளலாம். ஒரு பெயர் தப்பானால் முழு நிறுவலும் நிற்காது.

கருந்திரை:
200 மெஷின் என்றால் நானும் அதையே சொல்வேன். 18-க்கு இன்னொரு கருவி கற்பதைவிடப் பட்டியலைச் சுத்தமாக வைப்பது சுலபம். ஒரு மெஷினில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி (இறக்கிய பேக்கேஜ்களைச் சேமித்து மற்ற மெஷின்களுக்குத் தருவது) மட்டும் போட்டு, பிரீசீடின் மிரர் பிராக்ஸி வரியில் அதன் முகவரியையும் 3142 போர்ட்டையும் கொடுங்கள். ஒரே பேக்கேஜை 18 தடவை நெட்டிலிருந்து இறக்க வேண்டியிராது.

லேப்பொறுப்பு:
கேச்சர் போட்டாயிற்று. முதல் மெஷின்தான் இழுத்தது, இரண்டாவதும் மூன்றாவதும் டீ குடித்து வருவதற்குள் லாகின் திரையில் நின்றன. தமிழ்99 ஓடுகிறது. 7-ஆம் கணினி மட்டும் பூட்டே ஆகவில்லை, அது ரேம் ஸ்லாட் கோளாறு போல. அதைத் தனியாகக் கேட்கிறேன்.