டி.பி.எஃப்.க்குப் பின்னால் 4 இன்ச் குழாய் மாட்டியதிலிருந்து ஓயாமல் ரீஜென், பி2453, பி2463 – உதவி தேவை

பிக்கப்_பயணி
4 சிலிண்டர் டர்போ டீசல் பிக்கப். டி.ஓ.சி. என்கிற புகை சுத்திகரிப்பானும், டி.பி.எஃப். என்கிற கரி பிடிக்கும் ஃபில்டரும் ஒரே டப்பாவுக்குள், யூரியா டேங்க் கிடையாது. டி.பி.எஃப்.பைத் தொடாமல், அதற்குப் பின்னால் உள்ள புகைக்குழாயையும் சைலன்சரையும் கழற்றிவிட்டு 4 இன்ச் 304 ஸ்டெயின்லெஸ் செட் போட்டேன். முன்பு ஏறக்குறைய 450 கி.மீ.க்கு ஒரு ரீஜென் (ஃபில்டரில் சேர்ந்த கரியை வண்டியே எரித்துச் சுத்தம் செய்வது) வரும். இப்போது 100 கி.மீ. தாண்டுவதில்லை. முதலில் பி2453 என்கிற கோளாறு கோடு, பிறகு பி2463, இப்போது இழுவையும் பாதி. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது. மாட்டிக் கொடுத்த இடத்தில் "டி.பி.எஃப். அடைச்சுப்போச்சு, உள்ளே இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டா சரியாயிடும்" என்கிறார்கள். எடுக்கலாமா?

கரிப்புகை
எடுத்துடுங்க ப்ரோ. இன்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி ஒரு டியூன் போட்டா எச்சரிக்கை லைட்டும் போயிடும், மைலேஜும் ஏறும். எல்லாரும் இதைத்தான் செய்யறாங்க.

டார்க்_ரெஞ்ச்
அவசரப்படாதீங்க. பி2453 என்பது டி.பி.எஃப். அழுத்த சென்சாரின் அளவு நம்பும்படி இல்லை என்று சொல்கிற கோடு. அது முதலில் வந்து, கரி சேர்ந்துவிட்டது என்கிற பி2463 அடுத்து வந்திருக்கிறது. இந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு ஃபில்டர் மேல் சந்தேகம் வரவில்லை, அதை அளக்கிற சென்சார் மேல்தான் வருகிறது.

ஸ்கேனரில் லைவ் டேட்டா திறந்து வேறுபாட்டு அழுத்தத்தை (ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்) மூன்று நிலையில் குறித்துச் சொல்லுங்கள்: சாவி ஆன் ஆனால் இன்ஜின் ஆஃப்; சூடான இன்ஜின் ஐடிலில்; நியூட்ரலில் 2500 ஆர்.பி.எம். பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை ஆனில் வைத்து, சென்சாரிலிருந்து இரண்டு ஹோஸையும் கழற்றி இன்னொரு முறை. எந்த ஹோஸ் எந்த முனை என்று கழற்றும் முன்னே டேப் ஒட்டிவிடுங்கள். மாற்றிச் செருகினால் அளவு மைனஸில் போகும், அது தனித் தலைவலி.

பிக்கப்_பயணி
சாவி ஆனில் 1.6 கிலோபாஸ்கல். ஐடிலில் 2.3. 2500-ல் 5.5. ஹோஸ் கழற்றினால் 0.

டார்க்_ரெஞ்ச்
விடை அந்த 1.6-லேயே இருக்கிறது. இன்ஜின் ஓடாதபோது ஃபில்டரின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான், பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். ஹோஸ் கழற்றியும் 1.6 நின்றிருந்தால் சென்சார் போய்விட்டது என்று சொல்லியிருப்பேன். கழற்றியதும் 0 வந்ததால் சென்சார் நல்லது, கோளாறு ஹோஸில்.

1 கிலோபாஸ்கல் என்பது சுமார் 10 செ.மீ. தண்ணீர் உயரம். உங்கள் 1.6-க்கு 16 செ.மீ. தண்ணீர் போதும். டி.பி.எஃப்.புக்குப் பின்பக்க முனையிலிருந்து வரும் ஹோஸைப் பாருங்கள், எங்காவது தொங்கி வளைந்திருக்கும். புகையில் உள்ள நீராவி அந்த வளைவில் குளிர்ந்து தங்கும். வண்டி ஆறும்போது தண்ணீருக்கும் சென்சாருக்கும் நடுவே மாட்டிய காற்று சுருங்கி, தண்ணீரைச் சென்சார் பக்கம் இழுக்கும். பின்பக்க அழுத்தம் குறைவாகத் தெரிய, வித்தியாசம் அதிகமாகத் தெரியும். இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு. அதைக் கரி என்று எடுத்துக்கொண்டு ரீஜென் போடுகிறது.

1.6-ஐக் கழித்தால் ஐடிலில் 0.7, 2500-ல் 3.9. கொஞ்சம் கரி இருக்கிறது, அடைப்பு இல்லை.

பிக்கப்_பயணி
அப்படியேதான் சார். பழைய குழாயின் ஃபிளான்ஜில் ஒரு சின்னத் தகட்டுப் பிடிப்பு இருந்தது, ஹோஸ் அதில்தான் நின்றது. புதுக் குழாயில் அது இல்லை. ஹோஸ் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்திருக்கிறது, ஆட்டினால் சளசளவென்று சத்தம் கேட்கிறது. புதுக் குழாயை ஒட்டிய இடத்தில் ரப்பர் பளபளத்து இறுகியும் போயிருக்கிறது.

டார்க்_ரெஞ்ச்
இறுகிய ஹோஸை வடித்துத் திரும்பப் போடாதீர்கள், இரண்டையும் மாற்றுங்கள். இந்தச் சென்சாருக்கென்று வருகிற வெப்பம் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். டீசல் ஹோஸ் போட்டால் சீக்கிரமே வெடிப்பு விடும். முனையிலிருந்து சென்சார் வரை ஏறுமுகமாகவே போக வேண்டும், நடுவில் ஒரு இறக்கம்கூடக் கூடாது. பிடிப்பைக் குழாயில் வைக்காமல் சேஸிஸில் வைப்பது மேல். டி.பி.எஃப்.பிலிருந்து வரும் இரும்புச் சிறுகுழாயில் கரி அடைத்திருந்தால் காற்று விட்டு ஊதலாம், ஆனால் சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். கம்ப்ரசர் காற்று பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு அங்கேயே முடிந்தது.

அடுத்தது ஆயில். ரீஜெனுக்காக எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் தெளிக்கும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக, ஆயில் நிற்கும் சம்ப்பில் இறங்கும். ரீஜென் அடிக்கடி வந்தாலும், பாதியில் நின்றாலும் மட்டம் ஏறும். மேல்கோட்டைத் தாண்டிய ஆயிலோடு ஸ்கேனர் மூலம் கட்டாய ரீஜென் போட்டால், இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும் அபாயம் உண்டு. அதனால் முதலில் ஆயில், ஃபில்டர் மாற்றம். சாம்பல் குறைந்த வகை, அதாவது ஏ.சி.இ.ஏ. சி3 தரக்குறி போட்டது மாதிரி, உங்கள் கையேடு சொல்வதையே ஊற்றுங்கள். ரீஜெனில் கரிதான் எரியும். ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் ஃபில்டரிலேயே தங்கிவிடும்.

பிறகு ஸ்கேனரில் அழுத்த சென்சாரின் பூஜ்ய அளவைக் கற்பித்து, கோடுகளை அழித்து, அந்தக் கட்டாய ரீஜென். டேங்கில் கால் பாகத்துக்கு மேல் டீசல், இன்ஜின் நன்றாகச் சூடு, திறந்தவெளி, அடியில் காய்ந்த புல்லோ சருகோ கூடாது. ஃபில்டருக்குள் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். தொடங்கியதை நடுவில் நிறுத்தாதீர்கள்.

கிளாம்ப்_கவனி
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

ஒண்ணு, 304 சூட்டில் நன்றாக நீளும். 2 மீட்டர் குழாய் 300 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 10 மி.மீ. கம்பெனிக் குழாய்களில் சாதாரணமாக வரும் 409 வகை ஸ்டெயின்லெஸ் இவ்வளவு நீளாது. ஹேங்கர் ரப்பர் இழுபட்டபடி கிளாம்பை முறுக்கியிருந்தால் அந்த விசை முழுவதும் டி.பி.எஃப். ஃபிளான்ஜுக்குத்தான் போகும். எல்லாக் கிளாம்பையும் தளர்த்தி, குழாயைத் தானாகத் தொங்கவிட்டு, முன்னாலிருந்து பின்னாலே முறுக்கிக்கொண்டு போங்கள். ஒருமுறை சூடாகி ஆறியதும் மறுபடி முறுக்கணும். இணைப்பைச் சுற்றிக் கறுப்புப் படிந்தால் அங்கே கசிவு.

ரெண்டாவது, பழைய குழாயின் வாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற இடைவெளி வைத்த டிப்பாக இருந்ததா? அது அழகுக்கு இல்லை, ரீஜெனில் வரும் புகையைக் குளிரவைக்க. சாதா டிப் போட்டிருந்தால் பின்பக்க பம்பர், வயரிங், ஸ்டெப்னி டயர் எல்லாவற்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

கரிப்புகை
இவ்வளவு பாடுபடறதுக்கு உடைச்சு எடுக்கறது சுலபம்தானே?

டார்க்_ரெஞ்ச்
உடைத்தால் அழுத்த வித்தியாசம் இருக்காது, பி244ஏ, பி2002 என்று அடுத்த கோடுகள் வரும். டியூன் சரியாகப் போடவில்லை என்றால் ரீஜென் கட்டளை தொடர்ந்து ஓடும், வெற்று டப்பாவுக்குள் டீசல் போய் வெண்புகை வரும், தீப்பிடிக்கவும் இடமுண்டு. இவ்வளவும் நல்ல ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு. புகைச் சோதனையும் சட்டமும் வேறு இருக்கிறது. "எல்லாரும் செய்யறாங்க" என்றீர்களே: பத்தாண்டுகளில் 5,50,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிக் கை வைத்திருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கணக்குச் சொன்னது. அங்கே அது சட்டவிரோதம். விற்றவர்களுக்கும் மாட்டிக் கொடுத்தவர்களுக்கும் அபராதம் விழுகிறது.

இழுவைக்காக 4 இன்ச் போட்டிருந்தால் அதிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தடை பெரும்பாலும் ஃபில்டரில்தான். அதற்குப் பின்னால் அகலப்படுத்தினால் சத்தம்தான் மாறும்.

பிக்கப்_பயணி
ஹோஸ் இரண்டும் மாற்றி, சேஸிஸில் பிடிப்பு வைத்து, ஆயில் மாற்றி, ரீஜெனும் முடித்தாயிற்று. சாவி ஆனில் 0. ஐடிலில் 0.4, 2500-ல் 2.1. இழுவை திரும்பிவிட்டது. ஆனால் டெயில்பைப்புக்குள் விரல் வைத்தால் லேசாகக் கறுப்பு ஒட்டுகிறது. ஃபில்டரில் விரிசல் இருக்குமோ?

டார்க்_ரெஞ்ச்
உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டு 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். நல்ல ஃபில்டர் என்றால் வெள்ளைத் துணியில் கரி ஒட்டாது. மறுபடி கறுத்தால் ஃபில்டரைக் கழற்றி, பின்முகத்தில் டார்ச் அடித்துக் கறுப்புத் திட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மட்டத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள். ரீஜென் இடைவெளி சரியாகியும் மட்டம் ஏறினால், அடுத்த சந்தேகம் இன்ஜெக்டர் கசிவு.