டொலேடோ: ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடந்தே பார்க்க முடியுமா?

ஊர்சுற்றி77

வணக்கம். ஜூன் கடைசியில் வேலை விஷயமாக மாட்ரிட் போகிறேன், மனைவியும் மாமனாரும் கூட வருகிறார்கள். வாரம் முழுக்க மீட்டிங், ஞாயிறு ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, அதை டொலேடோவுக்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறோம். கொடி பிடித்துக் கூட்டமாக அழைத்துப் போகும் டூர் வேண்டவே வேண்டாம், நாங்களே நடந்து பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் மாமனாருக்கு 68 வயது, சமதரையில் எங்களைவிட வேகமாக நடப்பார், ஏற்றம் வந்தால்தான் முட்டி மக்கர் பண்ணும். படத்தில் பார்த்தால் ஊரே ஒரு குன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரயிலா பஸ்ஸா, எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது, கதீட்ரலுக்கு டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டுமா? அப்புறம் மாமனார் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார். அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

தாஹோக்கரை

மாட்ரிட்டில் படிக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை டொலேடோ கூட்டிப்போவது என் தலையில்தான் விழும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரயிலில் போங்கள். மாட்ரிட் அதோச்சா ஸ்டேஷனிலிருந்து அவந்த் என்ற அதிவேக ரயில், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். எல்லாமே ரிசர்வ் சீட், நின்றுகொண்டு போகிற கதை கிடையாது, வார இறுதியில் காலை வண்டிகள் நிறைந்துவிடும் என்பதால் போக வர இரண்டு டிக்கெட்டையும் முன்பே எடுத்துவிடுங்கள். பஸ் பிளாசா எலிப்டிகாவிலிருந்து கிளம்புகிறது, விலை குறைவு, நேரம் கூடுதல். டொலேடோவில் இறங்கியதும் ஸ்டேஷனையும் ஒரு சுற்று பாருங்கள். 1919இல் திறந்தது, மூர் பாணி வளைவுகளும் வண்ணக் கண்ணாடியுமாக டிக்கெட் கவுண்டர்கூட அரண்மனை மாதிரி இருக்கும்.

இப்போது வழி. ஊர் ஒரு பாறைமேல் இருக்கிறது, தாஹோ ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. வழக்கமாக எல்லோரும் ஸ்டேஷனிலிருந்து நடந்து அல்காந்தரா பாலம் தாண்டி, மேலே ஏறி சோகோதோவேர் சதுக்கத்தில் ஆரம்பித்து மேற்கே போவார்கள். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள், காரணம் முட்டி மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமையும்தான். கதீட்ரலில் ஞாயிறு காலை வழிபாடு, டிக்கெட் வாங்கிப் பார்க்க வருகிறவர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். எல் டிரான்சிட்டோ யூதத் தொழுகைக்கூடம் நேர்மாறு, ஞாயிறு காலை இலவசம், மதியத்துக்கு மேல் மூடிவிடுவார்கள். ஆக காலையில் மேற்கு, மதியத்துக்கு மேல் கதீட்ரல், சாயங்காலம் கிழக்கே இறக்கம்.

ஸ்டேஷன் வாசலில் டாக்சி பிடித்து சான் ஹுவான் தெ லோஸ் ரேயெஸ் மடத்து வாசலில் இறங்கிக்கொள்ளுங்கள், கஷ்டமான ஏற்றத்தில் பெரும்பகுதி அதோடு முடிந்தது. 1476 தோரோ போருக்குப் பிறகு அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் கட்ட வைத்த மடம். வெளிச்சுவரில் வரிசையாக இரும்புச் சங்கிலிகள் தொங்கும், முஸ்லிம் ஆட்சியில் சிறைப்பட்டு மீட்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகளுடையவை என்று சொல்கிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் சாந்தா மரியா லா பிளாங்கா. முழுக்க வெள்ளைத் தூண்கள், குதிரை லாட வளைவுகள், ஆள் குறைவாக இருக்கும்போது பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். யூதர்களுக்காக, கிறிஸ்தவ அரசின் கீழ், முஸ்லிம் கைவேலைப்பாட்டில் எழுந்த கட்டடம், பின்னால் தேவாலயமாக மாற்றினார்கள்.

டிரான்சிட்டோதான் எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த இடம். முதலாம் பேத்ரோ மன்னரின் பொருளாளர் சாமுவேல் ஹ-லேவி 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது, கொஞ்ச வருஷத்திலேயே அதே மன்னர் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்றார். சுவர் முழுக்க ஹீப்ரு எழுத்து, நடுநடுவே காஸ்தில் அரசின் கோட்டைச் சின்னம், மேலே மரக்கூரை. 1492இல் யூதர்களை நாட்டைவிட்டே விரட்டிய பிறகு இதுவும் தேவாலயமானது, இப்போது செஃபார்திய (ஸ்பெயின் வழி) யூதர் அருங்காட்சியகம். மாமனாருக்கு வரலாறு பிடிக்கும் என்றால் இங்கே மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்.

கையில் கட்டும் சுற்றுலாப் பட்டை ஒன்று விற்பார்கள், சான் ஹுவான், லா பிளாங்கா, சாந்தோ தோமே தேவாலயம் எல்லாம் அதில் அடங்கும், கதீட்ரலும் டிரான்சிட்டோவும் அடங்காது. இரண்டே இடம் பார்ப்பதாக இருந்தால் தனி டிக்கெட்டே போதும்.

வெயில்மழை

மேலே சொன்ன வழி நல்ல வழி. ஆனால் ஜூன் கடைசி என்பதை அவர் மறந்துவிட்டார், மதியம் 35 டிகிரிக்கு மேல் போவது அங்கே சாதாரணம். சந்துகளில் நிழல் உண்டு, சதுக்கங்களில் கிடையாது. முதல் ரயிலைப் பிடியுங்கள், தொப்பியும் தண்ணீரும் முக்கியம், கல் பாவிய தெரு என்பதால் வழுக்காத ஷூ போடச் சொல்லுங்கள்.

கதீட்ரல் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. டிக்கெட் விலை அதிகம், உள்ளே ஒழுங்காகப் பார்த்தால் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், காலையிலிருந்து நடந்த பெரியவரை அதற்குமேல் நிற்க வைப்பது பாவம். வெளியிலிருந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் டாக்சியில் மிராதோர் தெல் வாயே போய்விடலாம். ஆற்றுக்கு அந்தப்பக்கம், ஊர் முழுக்க ஒரே பார்வையில் தெரியும். சாந்தோ தோமேயை மட்டும் விடாதீர்கள், ஓவியர் எல் கிரெக்கோ வரைந்த "ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்" என்ற படம் அங்கேதான் இருக்கிறது. கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரம். பிரபு செத்தது 1323, படம் வரைந்தது 1586 முதல் 1588 வரை, ஆனால் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் எல் கிரெக்கோ காலத்து டொலேடோ ஆட்கள். கீழே இடப்பக்கம் தீப்பந்தத்தோடு நிற்கும் சின்னப் பையன் அவருடைய சொந்த மகன்!

தாஹோக்கரை

கதீட்ரலை வெளியே நின்று பார்த்தால் பாதிகூடத் தெரியாது, சுற்றிலும் வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. 1226இல் தொடங்கி 1493 வரை கட்டியது, உள்ளேதான் எல்லாம். பலிபீடத்துக்குப் பின்னால் கூரையையே வெட்டித் திறந்து வெளிச்சம் இறங்க வைத்திருக்கிறார் நார்சிசோ தோமே, 18ஆம் நூற்றாண்டு வேலை, டிரான்ஸ்பரெந்தே என்பார்கள். இறந்த கர்தினால்களின் சிவப்புத் தொப்பிகள் அவரவர் கல்லறைக்கு மேலே கூரையிலிருந்து தொங்கும், தானாக இற்று விழும்வரை எடுக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் இரண்டு மணி நேரம் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும், பெஞ்சுகளும் உண்டு, வெயில் உச்சத்தில் இதைவிடக் குளிர்ச்சியான இடம் ஊரில் எது? மிராதோருக்கு சாயங்காலம் போங்கள், அதில் சண்டை இல்லை.

புளியோதரை

சாப்பாட்டுக்கு நான். இரண்டு மணிக்கு முன் சமையலறையில் பெரும்பாலும் எதுவும் தயாராகாது, நான்கு மணிக்கு மேல் அடைத்துவிடுவார்கள், அந்த இடைவெளியில் உட்கார்ந்துவிடுங்கள். பிஸ்தோ மான்செகோ கேளுங்கள். தக்காளி, குடமிளகாய், சுரைக்காய் போன்ற சுக்கினி எல்லாம் போட்டு வதக்கிய கூட்டு, மேலே பொரித்த முட்டை வைத்துத் தருவார்கள். உருளைக்கிழங்கு தோர்தியா, மான்செகோ சீஸ், ரொட்டி என்று ஒரு வேளை நன்றாகவே ஓடும். கார்காமூசாஸ் என்று ஊரெங்கும் எழுதியிருக்கும், அது பன்றி இறைச்சி. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, சாலடில் டூனா மீன் வரும், காய்கறியில் பன்றித் தொடைத் துண்டு விழும். "சின் ஹமோன், சின் அதூன்" (பன்றித் தொடை இல்லாமல், டூனா இல்லாமல்) என்று பெயர் சொல்லியே மறுக்க வேண்டும்.

இனிப்புக்கு மசப்பான், பாதாமும் சர்க்கரையும்தான், கன்னியாஸ்திரி மடங்களிலேயே வாங்கலாம். பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் போல்வொரோன் பிஸ்கட்டில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள், மாமனாருக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊர்சுற்றி77

எல்லோருக்கும் நன்றி, வழியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், கதீட்ரலும் போகிறோம். சாயங்காலம் சோகோதோவேரிலிருந்து ஸ்டேஷனுக்கு மாமனாரால் இறங்க முடியுமா? இன்னொன்று, மனைவியின் தம்பி டொலேடோ வாள் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறான்.

தாஹோக்கரை

சோகோதோவேர் பக்கத்திலேயே மிராதேரோ என்ற இடத்திலிருந்து சஃபோந்த் நகரும் படிக்கட்டு கீழே இறங்குகிறது, ஓடாவிட்டால் டாக்சி. கீழே வந்தபின் அல்காந்தரா பாலம் வழியாக ஸ்டேஷனுக்கு நிதானமாக 20 நிமிடம். மிராதோர் தெல் வாயே போவதாக இருந்தால் மேலேயே டாக்சி எடுத்து, பார்த்து முடித்ததும் அதே டாக்சியில் ஸ்டேஷனில் இறங்குங்கள், காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளலாம்.

வாள் வாங்கினால் அன்று ராத்திரி மாட்ரிட் ரயிலிலேயே பை ஸ்கேனில் கேள்வி வரும். கடையில் நன்றாகக் கட்டித்தரச் சொல்லுங்கள், இல்லை நேராக ஊருக்கே அனுப்புவார்களா என்று கேளுங்கள். காகிதம் வெட்டும் சின்னக் கத்தி போதும் என்று மச்சானைச் சம்மதிக்க வைத்தால் வேலை சுலபம், அதையும் விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.