கட்டணம் கட்டி இன்டர்ன்ஷிப் போகலாமா? உயிரியல் மாணவர்களுக்கான விவாதம்

காவிரிக்கரை:
அரசுக் கலைக் கல்லூரியொன்றில் இளங்கலை விலங்கியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் ஒப்படைத்தால்தான் அதற்குரிய கிரெடிட் (பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட மதிப்பலகு) கிடைக்கும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். சென்னையில் ஒரு தனியார் பயிற்சி ஆய்வகம் பதினைந்து நாள் மூலக்கூறு உயிரியல் பயிற்சிக்கு எட்டாயிரம் ரூபாய் கேட்கிறது. தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் தனி. வகுப்பில் பாதிப் பேர் கட்டிவிட்டார்கள். நானும் கட்டலாமா?

நுண்ணோக்கி:
கட்ட வேண்டாம். இத்தகைய இடங்களில் வாரந்தோறும் வெவ்வேறு குழுக்களுக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள்: டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பார்கள், பி.சி.ஆர். முறையில் அதன் ஒரு பகுதியைப் பல மடங்கு படியெடுப்பார்கள், ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டைகளாகத் தெரிவதைப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். மாதிரிகள் எல்லாம் முன்பே சரிபார்க்கப்பட்டவை என்பதால், பட்டை தெரியாமல் போனால் தவறு எங்கே நேர்ந்தது என்று தேடும் வாய்ப்பே மாணவருக்குக் கிடைப்பதில்லை. ஆய்வகத்தில் கற்கவேண்டியதே அந்தத் தேடலைத்தான். பெங்களூரு, புதுதில்லி, பிரயாக்ராஜ் நகரங்களிலுள்ள மூன்று அறிவியல் அகாதெமிகளும் இணைந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆய்வு நல்கை வழங்குகின்றன. உண்மையான ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் பணியாற்றலாம், உதவித்தொகையும் உண்டு. அங்கே பணம் நம்மிடமிருந்து போவதில்லை, நமக்கு வருகிறது.

தறிக்காரர்மகன்:
நண்பர் நுண்ணோக்கி சொல்வது பெருநகரத் தன்னாட்சிக் கல்லூரி மாணவருக்குப் பொருந்தும். அந்த நல்கைக்குக் கோடைக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும், ஏன் இந்த ஆய்வில் ஈடுபட விரும்புகிறோம் என்ற கட்டுரையும் வேண்டும். எங்கள் ஊர்க் கல்லூரிகளில் அப்படியொரு நல்கை இருக்கும் செய்தியே விண்ணப்பக் காலம் முடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது. நான் ஒரு நோயறிதல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பட்டதாரிகளில் மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டைக் கையில் பிடித்தவர் யார், பாடநூலில் படம் மட்டும் பார்த்தவர் யார் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். கல்லூரியின் பி.சி.ஆர். இயந்திரம் கல்லூரியைப் பார்வையிடும் ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறக்கப்படும் அறையில் இருக்கும்போது, காசு கொடுத்தாவது அதைத் தொட்டுப் பார்ப்பதில் என்ன குற்றம்?

உப்பங்கழி:
இருவரும் சென்னையையும் பெங்களூரையும் மட்டுமே பார்க்கிறீர்கள். பி.சி.ஆர். கற்க வேண்டுமென்றால் மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வரை கடற்கரையோரம் இருக்கும் இறால் ஹேட்சரிகளுக்கு, அதாவது குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகலாமே! வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி இனத் தாய் இறால்கள் நீலாங்கரையிலுள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தைக் கடந்துதான் ஹேட்சரிக்கு வருகின்றன. குஞ்சுகளை விற்கும் முன் வெண்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பி.சி.ஆர். மூலம் சோதிக்கிறார்கள். முடிவு தவறினால் வாங்கிய விவசாயியின் குளமே அழியும் என்பதால் அங்கே யாரும் பெயருக்குச் சோதனை செய்வதில்லை. பாசி வளர்ப்பு, குஞ்சுகளுக்கு இரையாகும் ஆர்டீமியா பொரிப்பு, நீரின் உவர்ப்பளவு என்று விலங்கியல் மாணவர் படித்ததெல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது. நான் கேட்ட இடங்களில் பயிற்சிக்குக் கட்டணம் வாங்கவில்லை. வேலை தெரிந்தவரைத் தொழில்நுட்பராகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

பவளமல்லி:
ஹேட்சரியில் இரவெல்லாம் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பதையும், பெண்களுக்குத் தங்குமிடம் பல இடங்களில் இல்லை என்பதையும் உப்பங்கழி ஐயா எழுதியிருக்கலாம். என் வகுப்புத் தோழிகளில் பலர் இப்போது சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக் கோப்புகளுக்குக் குறியீடு இடும் அந்த வேலைக்கு உடற்கூறியலும் ஆங்கிலமும் குறியீட்டு விதிகளும்தான் வேண்டும்; ஜெல் படத்தை ஒருவரும் கேட்பதில்லை. காவிரிக்கரைக்கு எந்த வேலையில் விருப்பம் என்று தெரியாமலே எட்டாயிரத்தைப் பற்றி இத்தனை பேர் வழக்காடுகிறோம்.

நுண்ணோக்கி:
பவளமல்லி கேட்பது நியாயம். ஆனால் தறிக்காரர்மகனின் வாதத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. கல்லூரி தன் இயந்திரத்தைப் பூட்டிவைத்திருப்பதற்கான தண்டத்தை மாணவர் ஏன் கட்டவேண்டும்? கிரெடிட்டைக் கட்டாயமாக்கிவிட்டு இடம் தேடும் வேலையை மாணவர் தலையில் போட்டதால்தான் இந்தச் சான்றிதழ்ச் சந்தை செழிக்கிறது.

தறிக்காரர்மகன்:
ஏன் கட்டவேண்டும் என்ற கேள்வி சரிதான். அதற்கு விடை கிடைக்கும் வரை இந்தத் தம்பியின் கோடை காத்திருக்காதே. கட்டுவதாக இருந்தால், ஒரு குழுவில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் தானே செய்யலாமா என்று இரண்டையும் கேட்டுவிட்டுக் கட்டட்டும்.

காவிரிக்கரை:
எனக்கு மீன்வளத் துறையில்தான் விருப்பம். இரவு வேலையும் பிரச்சினையில்லை. ஹேட்சரி தரும் சான்றிதழை எங்கள் கல்லூரித் துறையில் ஏற்பார்களா?

உப்பங்கழி:
போய் வந்த பிறகு கேட்காதீர்கள், தம்பி. போகும் முன்பே துறைத்தலைவரிடம் ஒப்புதலும் அறிமுகக் கடிதமும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் ஹேட்சரியிலும் உள்ளே விடத் தயங்குவார்கள், ஏனென்றால் வெளியாள் காலில் ஒட்டிவரும் சேறுகூட நோயைக் கொண்டுவரும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. சான்றிதழில் தேதிகளும் நீங்கள் செய்த வேலைகளும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் குஞ்சு விற்பனை சூடுபிடிக்கும் முன் நேரில் போய்ப் பேசினால் மேலாளருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்கும்.